அச்சில் ஆறட்டும்

போன வார அத்தியாயத்தில் மருமகளை வாசலில், ஒரு காலில் மட்டும் செருப்போடு நிறுத்திவிட்டுப் போய்விட்டோம். ஏழு நாளாக அப்படியே நிற்கிறாள், பாவம். முதலில் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொள்ளட்டும்.

அவள் அப்படி நின்றதற்குக் காரணம் ஹாலில் நடந்த போன் பேச்சு. மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம். முப்பது வருடம் பஸ் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய பலன். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது.

"இன்னைக்கு கப் நின்னுடுச்சுன்னா புது ஃபேக்டரிக்கு என்னைத்தான் அனுப்பறாங்கப்பா. கடல் தாண்டி. மூணு வருஷம். வெள்ளிக்கிழமை கிளம்பணும்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

மாமனார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எத்தனை தடவை எண்ணினாலும் மூன்று நாள்தான் வந்தது.

பேசியது அவருடைய ஒரே மகன். மருமகளின் கணவன். பதினாலு மாதமாக இந்த வீட்டுக்குள் அவன் குரல் மட்டும்தான் வந்து போகிறது, அதுவும் அப்பாவின் போன் வழியாக.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் கெமிஸ்ட். செடிகொடியிலிருந்து பிளாஸ்டிக் செய்கிறவள். சோளம் அரைக்கிற மில்லில் மிஞ்சும் மாவைப் புளிக்கவைத்தால், தயிரில் இருக்கிற அதே புளிப்பு அமிலம் கிடைக்கும். அதன் துணுக்குகளை ஒன்றோடொன்று கோத்து நீளச் சங்கிலியாக்கினால் அதுதான் பிளாஸ்டிக். கோப்பதற்கு மற்றவர்கள் உலோக மருந்தைப் போடுவார்கள், மூக்கைத் துளைக்கும் கரைப்பானை ஊற்றுவார்கள். அவள் இரண்டும் இல்லாமல் கோத்துக் காட்டினாள். அதற்கு ஐந்து வருடம் பிடித்தது. மாமனார் அந்த லேபை 'மோர் கம்பெனி' என்பார்.

அந்த லேபில் ஒரு வழக்கம் உண்டு. சூட்டிலிருந்து இறக்கிய பாத்திரம் தானாக, மெல்ல ஆற வேண்டும். அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து சங்கிலியை அறுத்துவிடும். ஆகவே பாத்திரத்தின் கைப்பிடியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். அட்டையில் ஒரே சொல்: 'ஆறட்டும்'. மாட்டியவர்தான் அதை எடுக்க வேண்டும். மேனேஜரே வந்தாலும் வேறு கை படக் கூடாது.

பதினாலு மாதத்துக்கு முன்னால், அவள் மாட்டிய அட்டையை அவள் கணவன் எடுத்தான். அப்போது அவனும் அதே லேபில் வேலை பார்த்தான். நாலு மாத உழைப்பு அந்தப் பாத்திரத்தில் இருந்தது. அவள் வருவதற்குள் ஒரு துண்டை எடுத்து அவள் மேசையில் வைத்து அசத்த வேண்டும் என்று அவனுக்கு ஆசை. மறுநாள் காலையில் பாத்திரத்தில் இருந்தது பிளாஸ்டிக் இல்லை, பாகு.

"இவர் கை வெச்சா எது விளங்கும்?" என்று எட்டுப் பேர் முன்னால் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்து அறைக் கதவைத் தட்டினான். அவள் திறக்காமல் உள்ளேயிருந்தபடியே, "ஆறட்டும்" என்றாள். கோபம் ஆறட்டும், கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள் என்று அர்த்தம். முகத்தைக் கழுவிக்கொண்டு அவளே கதவைத் திறந்தபோது ஹாலில் மாமனார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அவன் கப் வார்க்கும் தொழிற்சாலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கிவிட்டான். மாமனார் போகவில்லை. "நடுவழியில பஸ்ஸ விட்டுட்டு இறங்கற டிரைவர் நான் இல்ல" என்று மருமகளோடேயே இருந்துவிட்டார்.

அவள் அவனுக்காக ஏங்கினாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அவன் பல் தேய்க்கும்போது யாரோடோ சண்டை போடுகிறவன் போல் தேய்ப்பான். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குத் தூக்கம் கலையும், எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் விடிகிற காலைகள் அவளுக்குப் பழகவே மாட்டேன் என்கின்றன.

சரி, செருப்பு மாட்டியாயிற்று.

"மாமா, நான் கிளம்பறேன்."

"போன்ல பேசினது கேட்டுச்சா?"

"தெருவுக்கே கேட்டுச்சு."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "மத்தியானம் சாப்பாடு எடுத்துட்டு ஃபேக்டரிக்கு வரேன்."

"எதுக்கு மாமா, அங்க கேன்டீன் இருக்கு."

"உனக்கு எடுத்துட்டு வரேன்னு யார் சொன்னா?"

மாமனார் அப்படித்தான்.

*

கப் நிற்பது என்றால் மேசைமேல் நிற்பது இல்லை. அதை எந்தக் கப்பும் செய்யும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் பத்து நிமிடம் குழையாமல் நிற்க வேண்டும். செடிப் பிளாஸ்டிக்குக்கு இதுதான் பெரிய கண்டம்.

வாங்க வந்திருந்தவர் பல ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் கொள்முதல் செய்யும் அம்மாள். அவர் ஆர்டர் கொடுத்தால்தான் கடல் தாண்டி அந்தப் புது ஃபேக்டரி. வெந்நீரைக்கூடத் தன் வீட்டு ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்தார். பிறர் கொதிக்கவைத்த தண்ணீரை அவர் நம்புவதில்லை.

மோல்டிங் மெஷினுக்கு ஒரு பக்கம் மருமகள் நின்றாள். மறு பக்கம் அவன். அந்தத் தொழிற்சாலையில் அவனுக்குப் பெயர் அச்சுக்காரர். கப் வார்க்கும் இரும்பு அச்சைப் பூட்டுவதும் கழற்றுவதும் அதன் சுபாவம் அறிந்து நடத்துவதும் அவன் வேலை. கழுத்து எலும்பு தெரிகிற அளவுக்கு இளைத்திருந்தான். சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை. பார்க்கக் கூடாது என்று வந்தவள் முதலில் பார்த்தது அந்தப் பட்டன் இல்லாத இடத்தைத்தான்.

இருவருக்கும் நடுவில் மேனேஜர்.

"மணி எவ்வளவு நேரம் காஞ்சுதுன்னு கேளுங்க சார்" என்றாள். லேபிலிருந்து வந்த பிளாஸ்டிக் மணிகளைத்தான் சொன்னாள். ஈரம் போகக் காயவைத்த பிறகுதான் மெஷினில் போட வேண்டும்.

"நாலு மணி நேரம்னு சொல்லுங்க சார்" என்றான் அவன்.

மூன்றடி தூரத்தில் நிற்கிறவர்களுக்கு நடுவில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி மேனேஜருக்குக் கழுத்து வலி கண்டுவிட்டது. ஆனாலும் நல்ல மனுஷன், ஒரு வார்த்தைகூட மாறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

முதல் கப் விழுந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. சுற்றி நின்றவர்கள் "ஆகா" என்றார்கள். கொள்முதல் அம்மாள் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வாய் விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இடுப்பு நெளிந்தது. தூக்கக் கலக்கத்தில் உட்காருகிறவன் மாதிரி கப் மெல்ல மேசையில் உட்கார்ந்தது. தண்ணீர் நாலாபக்கமும் ஓடியது.

இரண்டாவது கப்பும் அப்படியே. ஆறாவது கப்பும் அப்படியே.

"எனக்கு அஞ்சரைக்கு வண்டி. நாலு மணிக்கு இன்னொரு தடவ வந்து பாக்கறேன். அப்பவும் இப்படின்னா, நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஃபிளாஸ்க்கை இறுக மூடினார்.

அவன் பழைய துணியால் அச்சைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அதில் துடைக்க எதுவும் இல்லை.

எல்லாரும் கலைந்த பிறகு மருமகள் மெஷின் பக்கத்தில் ஒட்டியிருந்த செய்முறைத் தாளைப் படித்தாள். லேபிலிருந்து அவள் எழுதி அனுப்பியதை ஆஃபீஸில் அழகாக டைப் அடித்து ஒட்டியிருந்தார்கள். வரி வரியாக வந்தவள் பதினாறாவது வரியில் நின்றாள்.

'கப்பை அச்சில் ஆற வைக்கவும்.'

அவள் அப்படி எழுதவில்லை. 'அச்சில் ஆறட்டும்' என்றுதான் எழுதியிருந்தாள். இது என்ன, வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று ஆஃபீஸில் யாரோ திருத்தியிருக்கிறார்கள். ஆற வைக்கச் சொன்னால் தொழிற்சாலைக்காரர்கள் என்ன செய்வார்கள்? அச்சுக்குள் ஜில்லென்று தண்ணீரை ஓட விடுவார்கள். பன்னிரண்டு செகண்டில் கப்பை வெளியே தள்ளுவார்கள். பெட்ரோலியத்திலிருந்து செய்கிற வழக்கமான பிளாஸ்டிக்குக்கு அது சரி.

அவளுடைய மணிக்கு அது ஆகாது. அச்சு சூடாக இருக்க வேண்டும். கப் அதற்குள் அவசரமில்லாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக அடுக்கடுக்காகப் படுக்கும், வெந்நீரைத் தாங்கும். திடீரென்று குளிர்ந்தால் கிடந்த கோலத்தில் உறைந்துவிடும். பார்க்க அழகாக இருக்கும், சூடு பட்டால் குழைந்துவிடும்.

அவள் அச்சில் கை வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அச்சை நூறு டிகிரிக்குச் சூடேற்ற ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். கெடு நாலு மணி. இப்போது ஒன்றேகால். இரண்டு மணிக்குள் சொல்லிவிட்டால் கப் நிற்கும். கப் நின்றால் அவன் வெள்ளிக்கிழமை போய்விடுவான்.

அவளுக்கு வாய் வரவில்லை. கேன்டீனுக்குப் போனாள்.

*

மாமனார் அடுக்குக் கேரியரைப் பிரித்து இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தார்.

"வரமாட்டேன்னுட்டான். மெஷின விட்டு வர முடியாதாம். நீயாவது உக்காரு. கப் என்னாச்சு?"

"நிக்கல மாமா."

அவர் முகம் மலர்ந்ததை அவரால் மறைக்க முடியவில்லை. "அடடா" என்றார், கடமைக்கு.

"ஏன் நிக்கலன்னு எனக்குத் தெரியும்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. ரெண்டு மணிக்குள்ள சொல்லணும். அதுக்கப்புறம் சொல்லியும் பிரயோஜனமில்ல."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டார்.

"மெதுவா மென்னு சாப்பிடும்மா. அவசரமா சாப்பிட்டா செரிக்காது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாமனார் சிரிக்கவில்லை.

"பெரிய மனுஷன் மாதிரி நாலு நல்ல வார்த்தை சொல்லணும்னு பாக்கறேன். வரமாட்டேங்குது. கப் இன்னும் நாலு மாசம் கழிச்சு நிக்கட்டுமே, எவன் அழுதான்? எனக்கு எழுபத்தி ரெண்டாகுது. மூணு வருஷம்ங்கறது உங்களுக்குத்தான் மூணு வருஷம். எனக்கு என் பையன் வேணும்."

"எனக்கும் அவர் வேணும் மாமா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதினாலு மாதத்தில் இதை அவள் வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. மாமனார் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் குடித்தார்.

பக்கத்து மேசையில் மெஷின்காரர்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவளைக் கவனிக்கவில்லை.

"நான் அப்பவே நெனச்சேன். அச்சுக்காரர் கை வெச்சா விளங்காதாம்."

"யார் சொன்னா?"

"லேப் மேடமே சொன்னாங்களாம். அவரோட சம்சாரம். வீட்டுல இருக்கறவங்களே சொல்லும்போது வேற என்ன வேணும்?"

அவள் கையில் எடுத்த சாதத்தைத் தட்டிலேயே வைத்தாள். எட்டுப் பேர் முன்னால் சொன்னது பதினாலு மாதத்தில் எங்கெங்கோ நடந்து, இந்தக் கேன்டீன் மேசைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்றைக்குக் கப் விழுந்தால் அது சோளத்தின் தப்பும் இல்லை, தாளின் தப்பும் இல்லை. அவன் கையின் தப்பு என்று ஊர் முடிவு கட்டிவிடும். அவன் போகாமல் இங்கேயே இருப்பான். அந்தப் பேரோடு இருப்பான்.

எழுந்தாள்.

"இன்னும் பத்து நிமிஷம்தானே" என்றார் மாமனார். குரல் கெஞ்சியது.

"அது நான் சொன்ன வார்த்தை மாமா."

அவர் பிறகு தடுக்கவில்லை. அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து மூடி வைத்தார்.

*

"தண்ணிய நிறுத்துங்க."

நடுவில் மேனேஜர் இல்லை. அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் வேறு யாரிடமாவது சொல்கிறாளோ என்று அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டான்.

"உங்களத்தான். அச்சு சூடா இருக்கணும். நூறு டிகிரி. கப் அம்பது செகண்டு உள்ளேயே கெடக்கணும்."

"தாள்ல ஆற வைக்கவும்னு போட்டிருக்கு."

"நான் ஆறட்டும்னு எழுதினேன். ஆஃபீஸ்ல திருத்தமா எழுதறோம்னு மாத்திட்டாங்க."

அவன் குனிந்து தண்ணீர்க் குழாயைக் கழற்றினான். மூலையில் கிடந்த ஆயில் ஹீட்டரை இழுத்து வந்து அச்சோடு பூட்டினான். அந்தக் கைகள் வேலை செய்வதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. ஒரு திருகுகூடச் சாய்ந்து ஏறவில்லை.

"எனக்கு மொதல்லயே இடிச்சுது" என்றான் நிமிராமலே. "லேப்ல நாம ஒரு நாளும் தண்ணி விட்டதில்லயேன்னு."

"அப்ப ஏன் கேக்கல? ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"உன் தாள். நீ எழுதினதுல நான் கை வைக்கமாட்டேன்."

"சந்தேகம் கேட்டா கை வைக்கறதா ஆயிடுமா?"

ஹீட்டரின் முள் முப்பதில் இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முள்ளுக்கு அவசரமில்லை.

"அன்னைக்கும் நீங்க கேக்கல. கதவத் தட்டினீங்க, போயிட்டீங்க."

"நீதான ஆறட்டும்னு சொன்ன."

"கோபம் ஆறட்டும்னு சொன்னேன். அதுக்கு வீட்ட விட்டுப் போறதா?"

"மாட்டினவங்கதான் அட்டைய எடுக்கணும்" என்றான். "நீ எடுக்கவே இல்ல."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்தபோது மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவ நானா திறந்து நாலு மாச வேலைய நாசம் பண்ணினேன். மறுபடியும் திறப்பேனா? நீ கூப்பிடுவ, நீயே எடுப்பன்னு இருந்தேன். அப்பாவுக்குப் போன் பண்ணும்போதெல்லாம் கத்திக் கத்திப் பேசுவேன். அவருக்காகன்னு நெனச்சியா? ஸ்பீக்கர்ல போடுவாருன்னு தெரியும். நீ எங்கயாவது இருந்து கேப்பன்னு."

எந்த வீட்டிலாவது புருஷனும் பெண்டாட்டியும் ஒரு லேப் விதிக்குக் கட்டுப்பட்டுப் பதினாலு மாதம் பிரிந்திருந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? நானும் இல்லை. இரண்டு பேருக்கும் மண்டையில் மூளைக்குக் குறைவில்லை. அதுதான் வினை.

"அது கதவுங்க. பாத்திரம் இல்ல" என்றாள்.

முள் அறுபதைத் தாண்டியது.

"கப் நின்னா நான் போகணும். தெரியுமில்ல?" என்றான்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

"உங்க கைக்கு நான் வாங்கிக் குடுத்த பேர நான்தான எடுக்கணும்."

அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். எண்பது, தொண்ணூறு என்று முள் ஏறுவதைப் பார்த்தபடி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவளுக்கு அந்த நேரம் நீண்டுகொண்டே போனால் தேவலை என்று இருந்தது.

*

நாலு மணிக்குக் கப் பால் நிறத்தில் விழுந்தது.

"காலைல கண்ணாடி மாதிரி இருந்துச்சே" என்றார் கொள்முதல் அம்மாள்.

"உள்ள சங்கிலியெல்லாம் ஒழுங்கா அடுக்கடுக்கா படுத்தா அப்படித்தான் வெளுக்கும்" என்றாள் மருமகள்.

ஃபிளாஸ்க் திறந்தது. ஆவி பறந்தது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். பத்தாவது நிமிடம் அந்த அம்மாள் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்தார், கப்பைத் தூக்கினார், அந்தத் தண்ணீரையே ஊதி ஊதிக் குடித்தார்.

மேனேஜருக்குக் கழுத்து வலி போன இடம் தெரியவில்லை. "எல்லாம் நம்ம அச்சுக்காரர் சாமர்த்தியம் மேடம். புது ஃபேக்டரிக்கு இவரத்தான் அனுப்பறோம்."

"நான் இல்ல சார்" என்றான் அவன். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "தப்பக் கண்டுபிடிச்சது அவங்க. அந்த மணிய உண்டாக்கினதும் அவங்க. எனக்கு இரும்புதான் தெரியும். மணியோட மனசு அவங்களுக்குத்தான் தெரியும்."

கொள்முதல் அம்மாள் மருமகளை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். கேன்டீனில் பேசிய இரண்டு பேரும் பின்வரிசையில் நின்று தரையைப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவன் அவள் பக்கத்தில் வந்தான்.

"இப்ப கேட்டுட்டுச் செய்யறேன். சாயங்காலம் வீட்டுக்கு வரட்டுமா?"

"வாங்க."

"வெள்ளிக்கிழமை..."

"போகாதீங்க" என்றாள். அவ்வளவுதான். எவ்வளவு சின்ன வார்த்தை. "போகாதீங்க. வீட்டுல இருங்க. என்னால முடியல."

அவன் பதிலுக்கு நிற்காமல் நேரே மேனேஜர் அறைக்குள் போனான். இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"போகலன்னு சொல்லிட்டேன். மறுபேச்சு பேசாம சரின்னுட்டார். நான் போய்ப் பெட்டியக் கட்டறேன்."

மேனேஜர் ஏன் அவ்வளவு சுலபமாகச் சரி என்றார் என்பது, ஐந்து மணிக்கு அவர் மருமகளைக் கூப்பிட்டு அனுப்பியபோதுதான் தெரிந்தது.

"அந்தம்மா ஒரே பிடியா நிக்கறாங்கம்மா. இரும்பு தெரிஞ்சவங்க எங்க வேணாலும் கெடைப்பாங்களாம். மணி தெரிஞ்சவங்கதான் வந்து இருக்கணுமாம். மூணு வருஷமும். நீங்க போனா ஆர்டர் உண்டு. இல்லன்னா இல்ல." அவர் மேசையிலிருந்த வெள்ளைக் கப்பைத் தொட்டார். "அஞ்சு வருஷம் பாடுபட்டிருக்கீங்க. நாளைக்குக் காலைல பதில் சொன்னாப் போதும்."

*

அவள் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். மாமனாரிடம் மகன் வருகிறான் என்று மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டார். எழுபத்திரண்டு வயதில் அப்படி ஓடக் கூடாது.

ஆறரை மணிக்கு அவன் வந்தான். தலையைப் படிய வாரியிருந்தான். இரண்டாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஊக்கு. கையில் தகரப் பெட்டி.

அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமனார் பெட்டியை அவன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அவன் மனசு மாறிவிடுமோ என்று பயந்தவர்போல் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே விரைந்தார்.

வாசலில் அவர்கள் இருவர் மட்டும்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டான். இன்றைக்குக் கேட்டுக் கேட்டுச் செய்வதில் அவனுக்கு ஒரு குஷி வந்திருந்தது.

அவள் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "அந்தம்மா உங்களக் கேக்கல" என்றாள். "என்னத்தான் கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை. மூணு வருஷம். நான் போகலன்னா ஆர்டர் இல்லியாம்."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. மணியோட மனசு அவங்களுக்குத்தான் தெரியும் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னது அவன்தான்.

"நீ என்ன சொன்ன?" என்றான்.

"நாளைக்குக் காலைல பதில் சொல்லணும்" என்றாள்.

உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. சந்தோஷத்தில் வழக்கத்தைவிட இரண்டு பங்கு சத்தம்.

"டேய், பெட்டிய எந்த ரூம்ல வைக்கட்டும்? ரெண்டு பேர்ல யாராவது சொல்லுங்களேன்."

இருவருக்கும் நன்றாகக் கேட்டது. இருவரும் வாய் திறக்கவில்லை. பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு அவர் உள்ளே நின்றுகொண்டிருந்தார்.